உப்புப் போட்ட ஐஸ்

விசாரணை நடந்த அன்று அந்த அறையில் இருந்தவர்கள் நான்கு பேர். பிரிவுத் தலைவரான பேராசிரியர், கணக்குப் பகுதியிலிருந்து வந்த கிளாக்கர், ஆய்வு செய்கிற மிஸ், நான். சாமான் அனுப்பிய கொழும்புக் கம்பனியின் ஆள் கைபேசி ஸ்பீக்கரில் இருந்தார். அவரையும் வந்தவராகக் கணக்கெடுப்பதா என்று கிளாக்கர் கேட்டார். பேராசிரியர் கொஞ்சம் யோசித்துவிட்டு, "குரல் மட்டும் எண்டு எழுதும்" என்றார். கிளாக்கர் அப்படியே எழுதினார். மேசையின் நடுவில் ஒரு பீக்கர் நிறைய ஐஸ் இருந்தது. ஐஸுக்குள் சுண்டுவிரல் நுனி அளவில் ஒரு பிளாஸ்ரிக் குப்பி. விசாரணை அந்தக் குப்பியைப் பற்றியது.

அதற்குள் இருந்ததன் பெயர் பிறபொருளெதிரி. பள்ளிக்கூடப் புத்தகத்தில் அந்தச் சொல் வருமாம். நான் எட்டாம் வகுப்போடு கடற்கரைக்குப் போனவன், அந்தப் பாடம் வரை படிக்கவில்லை. ஆய்வுகூடத்தில் எல்லாரும் அன்ரிபொடி என்றுதான் சொல்வார்கள். நான் அங்கே தொழிலாளி. கண்ணாடிச் சாமான் கழுவுவது, குப்பை கட்டுவது, குளிர்ப்பெட்டிகளின் வெப்பநிலையைக் காலையும் மாலையும் பார்த்துத் தாளில் எழுதுவது, பார்சல் எடுத்து வருவது என் வேலை. வெப்பநிலையைக் காலையும் மாலையும் எழுதினால் போதும். நான் இடையிலும் இரண்டு மூன்று தரம் பார்ப்பேன். கதவைச் சாத்திவிட்டுக் கொஞ்சத் தூரம் போய், சாத்தினேனா என்று திரும்பி வந்து பார்ப்பேன். அடிக்கடி திறந்தால் குளிர் போய்விடும் என்று மிஸ் சொன்ன பிறகு, கதவைத் திறக்காமல் கையால் அழுத்தி மட்டும் பார்க்கிறேன்.

அன்ரிபொடி என்ன செய்யும் என்பதை மிஸ் எனக்கு ஒருநாள் விளங்கப்படுத்தினார். அன்று என்னுடைய இரத்தமும் அவருக்குத் தேவைப்பட்டது. வயது போக முன்னம் மாரடைப்பு வந்த குடும்பங்களில் அவர் இரத்தம் சேர்த்துக்கொண்டிருந்தார். என் அப்பாவும் மூத்த அண்ணையும் ஐம்பதைக் காணவில்லை. அதனால் நானும் சேர்த்தி.

"ஈரலின்ரை மேலிலை கை மாதிரி ஒண்டு இருக்குது அண்ணை. இரத்தத்திலை ஓடுற கொழுப்பை அது பிடிச்சு உள்ளுக்கு இழுக்கும். நான் தேடுற புரதம் இருக்கே, அது அந்தக் கையை இல்லாமல் பண்ணிப்போடும்."

"அப்ப உந்தக் குப்பி மருந்து, அந்தப் புரதத்தைக் கொல்லுமோ மிஸ்?"

"மருந்தில்லை. அது கொல்லாது. போய் அதிலை மட்டும் ஒட்டும். ஒட்டினால் எங்களுக்கு ஒரு கறுத்தக் கோடு தெரியும். கோடு தடிப்பெண்டால் புரதம் கூட. மெல்லிசெண்டால் குறைவு. அவ்வளவுதான்."

எல்லாமாக நாற்பத்தொரு குழாய் இரத்தம், கடைசிச் சிலதுதான் எடுக்க இருந்தது. அவருடைய படிப்பு விடுமுறை முடிய நான்கு மாதம் இருந்தது. அதற்குள் நாற்பத்தொன்றையும் பார்த்து முடிக்க வேண்டும். முடிக்காவிட்டால் அவர் பழையபடி படிப்பிக்கிற வேலைக்குப் போய்விடுவார், குழாய்கள் குளிருக்குள் கிடக்கும். அன்ரிபொடிக்கு என்று கிடைத்த பணம் ஒரு குப்பிக்குத்தான் காணும். இதை அவர் ஒளிக்காமல் எல்லாரிடமும் சொல்லியிருந்தார். எனக்குச் சொல்லாமல் விட்டிருந்தால் நான் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருப்பேன்.

குப்பி ஒரு சனிக்கிழமை வந்தது. வெள்ளிக்கிழமை இரவு கொழும்பில் பஸ்ஸில் ஏற்றிவிட்டதாகவும், விடிய ஆறு மணிக்கு யாழ்ப்பாணம் வந்துவிடும் என்றும் கம்பனியில் சொன்னார்கள். நான் ஐந்தேகாலுக்கே பஸ் நிலையத்தில் நின்றேன். பஸ் வவுனியாவுக்குக் கிட்ட எங்கோ பழுதாகி நின்று ஒன்பதரைக்குத்தான் வந்தது. கண்டக்டர் என்னைத் தேடி இறங்கி வந்து குளிர் காக்கிற வெள்ளை றெஜிபோம் பெட்டியை இரண்டு கையாலும் தந்தார்.

"இந்தாங்கோ அண்ணை, உங்கடை செல்வம். ஏசிக் காத்து விழுற இடமாய்ப் பாத்து வைச்சுக் கொண்டுவந்தனான். ஒரு மனுசியின்ரை பையைத் தூக்கித்தான் இடம் எடுத்தது. வவுனியாவிலையிருந்து அவவிட்டை நல்லாய் வாங்கிக் கட்டினன்."

"பஸ் நிண்ட நேரம் ஏசி வேலை செய்ததோ?"

"எஞ்சினே வேலை செய்யேல்லை, நீங்கள் ஏசியைக் கேக்கிறியள்."

ஓட்டோவுக்குள் இருந்து பெட்டியை மெல்லத் திறந்து பார்த்தேன். குளிர் பிடித்து வைக்கிற நீலப் பொதிகள் நான்கும் களி மாதிரி இளகிக் கிடந்தன. தொட்டால் கொஞ்சக் குளிர் இருந்தது, அவ்வளவுதான்.

அன்று காலை எட்டரையிலிருந்து மாலை ஐந்து மணி வரை எங்கள் பக்கம் மின்தடை என்று முதலே அறிவித்திருந்தார்கள். ஆய்வுகூடத்து ஜெனரேற்றரைத் திருத்துவதற்குக் கழற்றிப் போட்டிருந்தார்கள். ஆறு மணிக்குக் குப்பி வந்தால் எட்டரைக்கு முன் பிரிட்ஜில் வைத்துக் கதவைப் பூட்டிவிடலாம், மாலை வரை தாங்கும் என்பது மிஸ்ஸின் கணக்கு. பஸ் அந்தக் கணக்கை உடைத்துவிட்டது. மின்சாரம் போய் ஒரு மணித்தியாலம் ஆன பிரிட்ஜைத் திறந்து, இளகின சாமானை உள்ளே வைப்பதில் அர்த்தம் இல்லை. மிஸ் அன்று பருத்தித்துறையில் இரத்தம் எடுத்துக்கொண்டிருந்தார். போன் எடுத்தேன்.

"மிஸ், பொதி எல்லாம் இளகிப் போச்சு."

"ஐயோ. அண்ணை, எங்கையாவது ஐஸ் எடுத்து உள்ளுக்கு வையுங்கோ. குளிரை மட்டும் விட்டிடாதேங்கோ. நான் பின்னேரம் வாறன்." பின்னால் யாரோ ஒரு பெண் ஊசியைப் பற்றி என்னவோ சொன்னார். போன் நின்றுவிட்டது.

இன்னொரு தரம் எடுத்து, எவ்வளவு குளிர் என்று கேட்டிருக்கலாம். அதற்கு முந்தின கிழமைதான் அவர் சிரித்துக்கொண்டு, "அண்ணை, நீங்கள் ஒரு நாளைக்குப் பத்துத்தரம் எடுக்கிறியள், என்ரை அம்மாவே அவ்வளவு எடுக்கிறேல்லை" என்று சொல்லியிருந்தார். அன்று காலையில் மட்டும் ஐந்து தரம் எடுத்துவிட்டேன். ஆறாவது தரம் எடுக்கவில்லை. எதற்கும் இரண்டு தரம் கேட்கிற நான், கேட்க வேண்டிய இடத்தில் கேட்காமல் விட்டது அந்த ஒரு நாள்தான்.

ஐஸ் என்றால் எனக்குக் குருநகர்தான். நான் பிறந்து வளர்ந்த கடற்கரை. என் மனைவியின் தமையன் அங்கே கொழும்புக்கு மீன் அனுப்புகிற இடத்தில் பெட்டி அடைக்கிறவர், பழைய லொறி ஒன்றும் வைத்திருக்கிறார். நானும் ஆய்வுகூட வேலை கிடைக்கும் வரை பதினாறு வருடம் அங்கேதான் நின்றேன். நான் போனபோது மச்சான் கணவாய் அடுக்கிக்கொண்டிருந்தார்.

"என்ன மச்சான், படிச்ச ஆக்களும் மீன் யாவாரத்துக்கு இறங்கீட்டினமோ?"

"பகிடியை விடு. ஐஸ் வேணும். பின்னேரம் ஆறு மணி வரைக்கும் நிக்க வேணும்."

"உள்ளுக்கு என்ன?"

குப்பியைக் காட்டினேன். மச்சான் கையைத் துடைத்துவிட்டுக் குனிந்து பார்த்தார்.

"உதுக்கோ இவ்வளவு பெரிய பெட்டி? கண்ணுக்கு விடுற மருந்திலை ரண்டு சொட்டு வராது."

"உது உன்ரை லொறியை விட விலையாம்."

"என்ரை லொறிக்கு இப்ப எவன் காசு தரப்போறான்" என்று சொல்லிவிட்டு ஐஸ் இடிக்கிறவரைக் கூப்பிட்டார்.

தூரத்துக்குப் போகிற பெட்டிக்கு நாங்கள் சும்மா ஐஸ் போடுவதில்லை. ஒரு படை இடித்த ஐஸ், அதன் மேல் ஒரு கை கல்லுப்பு, திரும்ப ஐஸ், திரும்ப உப்பு. உப்புப் போட்டால் குளிர் ஏறும். வெறும் ஐஸில் மீன் குளிர்ந்து மட்டும் கிடக்கும்; உப்பு ஐஸில் கட்டை மாதிரி இறுகும். கணவாய், இறால் என்று விலைப்பட்ட சாமானுக்கு உப்பில் கஞ்சத்தனம் பார்க்கக் கூடாது என்பது அங்கே எல்லாருக்கும் தெரிந்தது. அன்று மச்சான் கைவைக்க வந்தார். நான் விடவில்லை. நானே அடுக்கினேன். குப்பியை இரண்டு பொலித்தீன் பையில் போட்டு முடிந்து, நடுவில் வைத்து, மூடியைச் சுற்றி ரேப் ஒட்டினேன். அந்தச் சின்னப் பெட்டிக்கு இரண்டு கிலோ உப்புப் போட்டேன். ஆய்வுகூடத்தில் விலை கூடின சாமான் எல்லாம் அதிகம் குளிரான பெட்டியில்தான் இருக்கும். நான்தானே தினமும் அந்த எண்களை எழுதுகிறேன். அதனால் எவ்வளவுக்குக் குளிரோ அவ்வளவுக்கு நல்லது என்றுதான் எண்ணினேன். அன்று பகல் முழுவதும் எனக்குப் பயமே வரவில்லை. மத்தியானம் வீட்டில் நன்றாகச் சாப்பிட்டேன்.

மாலை மின்சாரம் வந்து, பிரிட்ஜ் நான்கு பாகைக்கு இறங்கிய பிறகு பெட்டியைத் திறந்தேன். குப்பி வெண்பனி பூத்திருந்தது. உள்ளே இருந்த தண்ணீர் வெள்ளையாகக் கட்டிபட்டுப் போயிருந்தது. அப்போதுதான் குப்பியின் லேபலைச் சரியாகப் பார்த்தேன். ஐஸ் பூப் படம் ஒன்றைப் போட்டு அதற்குக் குறுக்காகக் கோடு கீறியிருந்தது. ஆங்கிலம் வாசிக்கத் தெரியாவிட்டாலும் குறுக்குக் கோடு என்றால் கூடாது என்று விளங்கும். குப்பியை இரண்டு உள்ளங்கைக்கும் நடுவில் வைத்துப் பொத்திக்கொண்டு கதிரையில் இருந்தேன். ஐந்து நிமிடம் ஆகியிருக்காது, இளகித் தெளிந்துவிட்டது. தூக்கி வெளிச்சத்தில் பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகத்தான் இருந்தது. பிரிட்ஜில் வைத்தேன். ஏழு மணிக்கு மிஸ் வந்தார்.

"பிரச்சினை ஒண்டும் இல்லையே அண்ணை?"

"இல்லை மிஸ். நல்ல குளிராய் இருந்தது."

அது பொய் இல்லை.

பத்து நாளுக்குப் பிறகு முதல் சோதனை. மற்றக் குழாய்கள் ஒன்றையும் அநியாயமாக்காமல் முதலில் என் இரத்தத்தில்தான் பார்த்தார். நான் பக்கத்தில் இருக்கிற ஆள், குறைந்தால் திரும்ப எடுக்கலாம். படம் எடுக்கிற கருவியின் திரையில் கோடு வரவில்லை. சாம்பல் பூசினது மாதிரி ஒரு புகை மட்டும் தெரிந்தது. மூன்று நாள் கழித்துத் திரும்பவும் செய்தார். திரும்பவும் புகை.

அந்த நாட்களில் எனக்குக் குப்பியின் நினைவே வரவில்லை. கோடு இல்லையென்றால் என் இரத்தத்தில் அந்தப் புரதம் இல்லை, அது நல்லதா கெட்டதா, அப்பாவுக்கும் இல்லாமல்தான் இருந்ததா என்று யோசித்துக்கொண்டு திரிந்தேன். நெஞ்சில் ஒரு பக்கம் குத்துவது போலவும் இருந்தது. மூன்றாம் தரமும் கோடு வராதபோது மிஸ்ஸிடமே கேட்டேன்.

"மிஸ், எனக்குக் கோடு இல்லையெண்டால் ஏதும் வருத்தமோ?"

"சீச்சீ. கோடு எல்லாருக்கும் வரும் அண்ணை. கூடக்குறையத்தான் இருக்கும். ஒருத்தருக்கும் வராட்டில் பிழை குப்பியிலை."

எனக்கு வருத்தம் இல்லை என்ற ஆறுதல் ஓட்டோவில் ஏறும் வரைகூட நிற்கவில்லை.

மிஸ் கம்பனியோடு கதைத்தார். ஐஸ் இளகித்தான் பெட்டி வந்தது என்று பெட்டியை எடுத்த ஆள் எழுத்தில் தந்தால் புதுக் குப்பி இலவசமாக அனுப்புவதாக அவர்கள் சொன்னார்கள். சாமான் விலை கூடியது, இருப்புப் புத்தகத்தில் ஏறியது. ஆகவே விசாரணை வைத்துப் பதிய வேண்டும் என்று கணக்குப் பகுதி சொன்னது. அப்படித்தான் அந்த அறையில் நான்கு பேரும் ஒரு குரலும் கூடினது.

உள்ளே போக முன்னம் கிளாக்கர் என்னை வராந்தாவில் நிறுத்தினார். "கனக்கக் கதையாதையும். பெட்டி வரேக்கை ஐஸ் இளகியிருந்ததோ?"

"ஓம்."

"அவ்வளவுதான். அதைச் சொல்லிப்போட்டுப் பேசாமல் இரும். மிஸ்ஸுக்குப் புதுக் குப்பி வரும். எனக்கும் மத்தியானத்துக்குள்ளை வேலை முடியும்."

உள்ளே பேராசிரியர் கேட்டார், நான் சொன்னேன், கிளாக்கர் எழுதினார். மிஸ் குப்பியைப் பார்த்துக்கொண்டிருந்தார். கம்பனிக் குரல், "சரி சேர், எங்களுக்கு இது காணும். நாங்கள் பஸ்காரரிட்டை அறவிடுறம்" என்றது.

"பஸ் கம்பனி தருமோ?" என்று பேராசிரியர் சும்மா ஒரு கதைக்குத்தான் கேட்டார்.

"அவங்கள் எங்கை தாறது. அந்தக் கண்டக்டரின்ரை சம்பளத்திலை பிடிப்பாங்கள். கையெழுத்து வைச்சுப் பெட்டியை எடுத்தது அவர்தானே."

பையைத் தூக்கி இடம் எடுத்துப் பேச்சு வாங்கின மனிதர். எனக்கு அவர்மேல் பெரிய இரக்கம் வந்தது என்று எழுதினால் அது சரியாக இராது. அந்தப் பஸ் ஒவ்வொரு நாளும் யாழ்ப்பாணம் வரும், நான் ஒவ்வொரு நாளும் பஸ் நிலையத்தைத் தாண்டி வேலைக்குப் போக வேண்டும் என்பதுதான் முதலில் மனதில் வந்தது.

"சேர், நான் உப்புப் போட்டனான்" என்றேன்.

பேராசிரியர் நிமிர்ந்து, "என்ன உப்பு?" என்றார்.

"கல்லுப்பு, சேர்."

"உந்தக் குப்பிக்குள்ளையோ?"

"இல்லை சேர். ஐஸுக்கு. ரண்டு கிலோ."

கிளாக்கர் பேனையைக் கீழே வைத்தார். பேராசிரியர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "மீனுக்குப் போடுற மாதிரியோ?"

"ஓம் சேர். கணவாய்க்கு."

கம்பனிக் குரல் சிரித்துவிட்டது. சிரித்ததை இருமல் ஆக்கப் பார்த்தது. மிஸ் சிரிக்கவில்லை.

"கட்டிபட்டதோ அண்ணை?"

"ஓம் மிஸ்."

"ஏன் அண்டைக்குச் சொல்லேல்லை?"

"இளகின பிறகு நல்லாய்த்தானே இருந்தது."

அவர் ஏசவில்லை. ஏசியிருந்தால் நல்லது. "ஒட்டுற சாமான் அண்ணை. ஒருக்காக் கட்டிபட்டால் அதின்ரை உருவம் கெட்டுப்போம். பிறகு எதிலையும் சரியாய் ஒட்டாது" என்று, முன்பு ஈரலின் கையை விளங்கப்படுத்தின அதே குரலில் சொன்னார். பிறகு கம்பனிக் குரலிடம், "உங்களிலை பிழை இல்லை, புதுசு தேவையில்லை" என்று சொல்லிவிட்டுக் கைபேசியை நிற்பாட்டினார்.

இனி என்ன என்பதைக் கிளாக்கர்தான் எடுத்தார். போக்குவரத்துச் செலவுக்கென்று மிஸ்ஸிடம் மிச்சம் இருந்த பணம் பாதிக் குப்பிக்குக் காணும். மற்றப் பாதியை நட்டமென்று எழுதித் தள்ளுவதென்றால் கொழும்புக்குக் கடிதம் போய்வர ஒரு வருடம் செல்லும்.

"ஒரு வருசத்தாலை எனக்கு என்ன பிரயோசனம்?" என்றார் மிஸ்.

"உத்தியோகத்தரிட்டை அறவிடுறதெண்டு முடிவெடுத்தால், நாளைக்கே முற்பணம் எடுத்து ஓடர் போடலாம்." கிளாக்கர் என்னைப் பாராமல் சொன்னார். "அவர் சம்மதிச்சுக் கையெழுத்து வைக்க வேணும். பிழை தன்னிலை இல்லை, தன்னை ஒருத்தரும் பழக்கேல்லை எண்டு அவர் மறுக்கலாம். மறுத்தால் வெல்லவும் கூடும்."

"வையாதேங்கோ அண்ணை" என்றார் மிஸ். "கட்டிபடக் கூடாதெண்டு நான் உங்களுக்கு முதலே சொல்லியிருக்க வேணும். அது என்ரை பிழை."

"உமக்கு யோசிக்க நேரம் வேணுமெண்டால் எடும்" என்றார் பேராசிரியர்.

நேரம் தந்தால் நான் என்ன செய்வேன் என்று எனக்குத் தெரியும். வீட்டுக்குப் போய் விடியும் வரை யோசித்து, காலையில் மனைவியிடம் கேட்டு, மச்சானிடம் கேட்டு, ஒரு மாதம் இழுப்பேன். மிஸ்ஸிடம் இருந்தது மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் கூட. பேனையைக் கேட்டு வாங்கிக் கையெழுத்து வைத்தேன். அவசரத்தில் எழுத்து என்னுடைய மற்றக் கையெழுத்துகள் மாதிரி வரவில்லை. இதைச் செல்லாது என்பார்களோ என்று பயந்து, பக்கத்தில் இன்னொன்றும் வைத்தேன்.

வீட்டில் சொன்னபோது மனைவி உலையில் அரிசி போட்டுக்கொண்டிருந்தாள்.

"இஞ்சருங்கோ, ரண்டு சொட்டுத் தண்ணிக்கோ?"

"தண்ணி இல்லை. அன்ரிபொடி."

"என்ன இழவோ. உப்பு ஆர் தந்தது?"

"உன்ரை அண்ணைதான்."

"அவன் உப்புக்குக் காசு வாங்கினவனோ?"

"இல்லை."

"அதெண்டாலும் மிச்சம்" என்று சொல்லி மூடியைப் போட்டாள். அதற்குப் பிறகு அவள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை. பலசரக்குக் கடைக்குப் போகும்போது மட்டும், கல்லுப்பு வாங்கவா வேண்டாமா என்று என்னைக் கேட்பாள்.

புதுக் குப்பி ஆறு கிழமையில் வந்தது. மிஸ் தானே கொழும்புக்குப் போய், தன் மடியில் வைத்துப் புகையிரதத்தில் கொண்டுவந்தார். நான் பெட்டியைத் தொடவில்லை. பிரிட்ஜில் வைத்த பிறகு வெப்பநிலையை மட்டும் எழுதினேன், நான்கு பாகை. முதல் சோதனை திரும்பவும் என் இரத்தத்தில்தான். என்னைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினார். பென்சிலால் அழுத்திக் கீறினது போலக் கறுப்பாக ஒரு கோடு இருந்தது. தடிப்பா மெல்லிசா என்று கேட்டேன். ஒன்றை வைத்துச் சொல்ல முடியாது, நாற்பத்தொன்றோடும் வைத்துத்தான் பார்க்க வேண்டும் என்றார். எது எப்படியோ கிளினிக்குக்குப் போய்க் கொழுப்பைப் பாருங்கோ என்றும் சொன்னார். போனேன். இப்போது இரவில் கொழுப்புக்கு ஒரு குளிசை போடுகிறேன்.

விடுமுறை முடியப் பன்னிரண்டு நாள் இருக்க நாற்பத்தொன்றும் முடிந்தது. போகிற அன்று மிஸ் ஒரு கடித உறையைத் தந்தார். திறக்காமலே அதற்குள் காசு என்று தெரிந்தது. திருப்பிக் கொடுத்தேன். அவருடைய காசை நான் வைத்திருந்தால் அதையும் ஒரு கவலையாகக் காவித் திரிய வேண்டும். இருக்கிறதே போதும்.

பஸ் நிலையத்தைத் தாண்டும்போது அந்தக் கண்டக்டர் சிலவேளை கை காட்டுவார். நடந்தது ஒன்றும் அவருக்குத் தெரியாது. நானும் கை காட்டுவேன்.

குப்பியின் விலையில் என் பங்கு எழுபத்து நாலாயிரம் ரூபாய். மாதம் நாலாயிரப்படி ஒன்பது மாதம் வெட்டியாகிவிட்டது. சம்பளச் சீட்டு வருகிற ஒவ்வொரு மாதமும் கணக்குச் சரிதானா என்று நானே கழித்துப் பார்த்துவிட்டு, கிளாக்கரிடமும் ஒருக்காக் கேட்டுக்கொள்கிறேன். இந்த மாதச் சீட்டின்படி நான் இன்னும் கட்ட வேண்டியது முப்பத்தெட்டாயிரம் ரூபாய்.